போர்வைக்கு அடியில் காய்ந்த துணிகள்

திங்கட்கிழமை காலையில் மாடிக்குப் போனேன். மழை வருகிற மாதிரி இருந்தது. கொடியில் கிடந்த போர்வையை எடுத்து உள்ளே போடலாம் என்றுதான் போனேன். தொட்டுப் பார்த்தால் போர்வை மொறமொறவென்று காய்ந்திருக்கிறது, அதற்கு அடியில் மட்டும் ஈரம். முனையைத் தூக்கினேன். சாண் அகலத்துக்குக் கிழித்து, நாலாக மடித்துத் தைத்த துணிகள். ஆறு துணி, துணிக்கொரு கிளிப். வெளியே ஒரு நூல்கூடத் தெரியாதபடி போர்வை அவற்றை மூடிக்கொண்டிருந்தது. பார் சோப்பு வாசனை வந்தது. அதையும் மீறி லேசாக இன்னொரு வாசனை.

அந்த வாசனை எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் நம் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த வாசனை. நான் அதைச் சாக்கடை என்று நினைத்திருந்தேன். அடைத்துக்கொண்டது என்று சொல்லி ஆளைக் கூட்டிவந்து இரண்டு தடவை குத்தவும் வைத்தேன். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். “நல்லா குத்தச் சொல்லுய்யா” என்றுகூடச் சொன்னாய்.

போர்வையை எடுக்காமல் அப்படியே விட்டேன். மழை வந்தது. எல்லாம் நனையட்டும் என்று கீழே இறங்கி, “ரீத்தா!” என்று கத்தினேன். நம் மகள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னாப்பா, முத்தியால்பேட்டையே திரும்பிப் பாக்குது. போர்வைய எடுத்தியா?”

“எடுக்கல. எத்தினி வருஷமா?”

“எது?”

“போர்வைக்கு அடியில இருக்கறது.”

கையில் இருந்த டிபன் பாக்ஸை மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. மறுபடியும் அழுத்தி மூடினாள்.

“எனக்குச் சின்னவன் பொறந்ததுலேர்ந்து. இரும்புனா, தும்முனா, வெயிட்டு தூக்குனா வரும். அவ்ளோதான். எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதாம்பா. நீ போய் ஒக்காரு.”

எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னதும் இதையேதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதை உங்களுக்கெல்லாம் எவள் சொல்லிக்கொடுத்தாள்? அவள் உயிரோடு இருக்கிறாளா? இருந்தால் எனக்கு அவளிடம் பேச வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருஷ நினைவு. நம் தெருவிலிருக்கிற கோயில் குடும்பங்கள், அதாவது அன்பியத்துக்காரர்கள், ஜெபம் செய்ய வீட்டுக்கு வருவார்கள். இறந்தவரைப் பற்றி வீட்டில் ஒருவர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று, கோயில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற வேதியர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, எழுதவும் தெரியாது. மாதா கோயில் ரிஜிஸ்டரில் நம் கல்யாணத்துக்கு நீ கையெழுத்துப் போட்டாய், நான் கைநாட்டு வைத்தேன். அதனால் நான் சொல்கிறேன், ரீத்தா எழுதுகிறாள், கூட்டத்தில் அவளே படிப்பாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். எதையும் குறைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். “அப்பா, இதையெல்லாம் எழுதணுமா? வேதியர் ஒக்காந்திருப்பாரு” என்கிறாள். ஒக்காந்திருக்கட்டும். அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.

முதலில் உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். நான் நல்லதையும் பேசுவேன், அதற்கு முன்னால் இது.

நீ சிரிப்பதை நிறுத்தினாயே, அது ஏன் என்று எனக்குச் சொன்னாயா? கல்யாணமான புதிதில் நீ சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரி என்ன என்று கேட்டு வருவாள். நான் தறி ஓட்டிய மில்லில் அன்றைக்கு நடந்ததை நடித்துக் காட்டுவேன். மேஸ்திரி நடக்கிற நடையை நடந்து காட்டுவேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். “போதும்யா, வயிறு வலிக்குது” என்பாய். இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் நான் வாயைத் திறந்தாலே நீ எழுந்து உள்ளே போக ஆரம்பித்தாய். இல்லையென்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காலோடு கால் சேர்த்து விறைப்பாக நின்றாய். என் பேச்சு உனக்குப் புளித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு மனுஷனுக்கு அது எவ்வளவு அவமானம் தெரியுமா? கொஞ்சம் கொஞ்சமாக நானும் நடிப்பதை நிறுத்திவிட்டேன். சத்தமில்லாத வீட்டில் இரண்டு பேரும் நாற்பது வருஷம் சாப்பிட்டு எழுந்தோம். சிரித்தால் உனக்குத் துணி நனையும் என்று எனக்கு யார் சொன்னது?

நீ தண்ணீர் குடிக்க மாட்டாய். அதை நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். “நம்ம வீட்டுக்காரி விழுப்புரம் போய்த் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டா, ஒரு எடத்துல எறங்க மாட்டா. ஒட்டகம்பா!” உன் எதிரிலேயே சொல்வேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போன பஸ்ஸில் எல்லோரும் கேட்கிற மாதிரி, “ஏ ஒட்டகம், சோடா வேணுமா?” என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கு இறங்கும்போது சீட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு இறங்கினாய். தூசி துடைக்கிறாய் என்று நினைத்தேன். சுத்தக்காரி என்று அதற்கும் ஒரு பெருமை.

கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நிற்கிறவள் நீ. கடைசி வரிசைக்குப் போனாய், அப்புறம் கதவோரத்துக்கு. தேர்த் திருவிழாவுக்குத் தேர் பின்னால் நடக்க மாட்டேன் என்றாய். “விசுவாசம் போச்சாடி உனக்கு?” என்று கேட்டேன். “ஆமா, போச்சு” என்றாய். அப்படியே விட்டுவிட்டாயே! விசுவாசம் போய்விட்டது என்று புருஷனை நினைக்க விடுவது உனக்குச் சுலபமாக இருந்தது. அடிவயிறு இறங்கிவிட்டது என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. இதை எழுதும்போது ரீத்தா பேனாவை வைத்துவிட்டாள். எடுடி, இன்னும் இருக்கிறது.

இனி என்மேல் இருக்கிற கோபம்.

ரீத்தா பிறந்தபோது என் அம்மா உனக்கு வயிறு கட்டினாள். அப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் கட்டுவார்கள், இப்போதும் கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் வயிறு பானை மாதிரி நின்றுவிடும் என்ற பயம். ஏழு முழத் துணி, நான் மில்லிலிருந்து கொண்டுவந்தது. அம்மாவுக்கு அப்போதே கையில் பலமில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டாள். “டேய், வா. தறிக்காரன் கைதானே, இந்த முனையப் புடிச்சு இழு.” இழுத்தேன். “இன்னும்” என்றாள். இழுத்தேன். “மூச்சு முட்டுது அத்தை” என்று நீ சொன்னாய். “முட்டட்டும், இல்லன்னா தொப்பையோட திரிவ” என்று அம்மா சொன்னாள். தண்ணீர் கேட்டாய். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வைக்கும் என்று அரை டம்ளர்தான் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிக்குப் போக முடியாமல் நீ முக்கி முக்கி அழுததும் எனக்குக் கேட்டது. பொம்பளைகள் சமாச்சாரம் என்று கடைத்தெருப் பக்கம் போய்விட்டேன்.

அந்தக் கட்டு மேலே வயிற்றை அமுக்கினால் பாரமெல்லாம் கீழே போய் உட்காரும். இது எனக்கு இப்போது தெரியும். தறியில் ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் தொங்கும் என்று அப்போதும் தெரியும். அது தறிக்குத்தான் என்று நினைத்தேன்.

பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் சொல்தா வீட்டில் ஆள் அனுப்பினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த குடும்பங்களை நாம் அப்படித்தானே சொல்வோம். அந்த வீட்டில் நீ தண்ணீர் தூக்குகிற வேலை செய்தாய். தெருக்குழாயிலிருந்து மாடிக்கு இருபத்திரண்டு படி. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். “போறியா?” என்று கேட்டேன். “போறேன்” என்றாய். நான் கேட்டதே அவ்வளவுதான். போகாதே என்று சொல்லவில்லை.

இரண்டாவது பிள்ளை பெரிய தலை. ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் வேட்டிகள் காணாமல் போக ஆரம்பித்தன.

மில்லில் வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளிக்குத் துணி கொடுப்பார்கள். நான் வாங்கிவந்து டிரங்குப் பெட்டியில் வைப்பேன், விசேஷத்துக்குக் கட்ட. ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. “எங்கடி?” என்றேன். “எலி கடிச்சுது, தூக்கிப் போட்டுட்டேன்” என்றாய். மூன்று வேட்டியைக் கடித்த எலி நாலாவதை ஏன் விட்டது? நான் நம்பவில்லை. உன் அண்ணன் மேல் சந்தேகம் போயிற்று. அவன் பிள்ளைச்சாவடியில் வலை இழுக்கிறவன், அரைக் கால்சட்டையோடு திரிகிறவன். அந்த வருஷத் திருவிழாவுக்குப் புதிதாக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

கோயில் வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னால், குனிந்து அவன் வேட்டி முனையைப் பிடித்துத் திருப்பிக் கரையைப் பார்த்தேன். நான் ஓட்டிய தறியில் வந்த துணியைக் கரையை வைத்தே சொல்லிவிடுவேன். மில்லில் எல்லோரும் அப்படித்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் சொல்வோம். “இன்னா மாப்ள, வெல கேக்குறியா?” என்று உன் அண்ணன் சிரித்தான். அவனுக்கு விளங்கவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒருவன், “மில்லு துணி காணாமப் போச்சாம்பா” என்று கைதட்டினான். அப்புறம் உன் அண்ணன் முகம் எப்படி ஆயிற்று என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில் நின்றாய். கரை என் தறிக் கரை இல்லை. அது எனக்கு அங்கேயே தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் ரோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ கையில் என்னவோ சுருட்டி வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாய். “இந்தாய்யா” என்று ஆரம்பித்தாய். நான் அடித்துவிட்டேன். கையில் இருந்தது என்ன என்று பார்க்கவில்லை. நீ அதைப் புடவைக்குள் சொருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். உன் அண்ணன் ஆறு வருஷம் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

இது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மண்டையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நீ கட்டியிருந்த புடவை ஊதா. அடுப்பில் சுறாப்புட்டு. உன் இடது காதுக்குக் கீழே என் விரல் பதிந்திருந்தது. எதையும் மறக்காத இந்த மண்டைக்கு ஒரு கேள்வி கேட்க மட்டும் தோன்றவில்லை.

போன வருஷம் நீ விழுந்தாயே, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். கரண்டி குழம்புச் சட்டியில் இருக்கும்போதே எழுந்து பின்பக்கம் ஓடினாய். “இன்னா ஓட்டம்? ரயிலா வுட்டுடப் போற?” என்று நான்தான் கேட்டேன். என் கேள்வி முடிவதற்குள் நீ விழுந்த சத்தம். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார்கள் என்று கேட்டார்கள். ஈரத் தரையில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள். தரை காய்ந்திருந்தது. கக்கூஸ் போவதற்கு முன்னாலேயே உனக்கு வந்துவிட்டது, அதில்தான் நீ வழுக்கினாய். அதை நான் பார்த்தேன். பார்த்தும் வயசானால் அப்படித்தான் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் உனக்குத் துணி மாற்றின நர்ஸ் திரைக்கு வெளியே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். சின்னப் பெண், நம் பக்கத்துப் பேச்சு.

“தாத்தா, ஆயாவுக்கு இது எத்தினி வருஷமா இருக்குது?”

“எது?”

“அடி எறங்கியிருக்குதே, கர்ப்பப்பை. வெளிலயே வந்திருக்குது. புண்ணாயிருக்குது தாத்தா. உனக்குத் தெரியாதா?”

நாற்பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்தவன் நான். தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மில்லில் எந்த மேஸ்திரியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

உள்ளே வந்தேன். நீ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாய்.

“ஏன்டி சொல்லல?”

“இன்னாத்த சொல்றது? எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்.”

“என்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சொல்லத்தான்யா வந்தேன். திருவிழா அன்னிக்கு. கையில எடுத்தாந்தேன், பாரு உன் வேட்டி இப்படித்தான் போச்சுன்னு காட்டலாம்னு. நீ அடிச்சுட்ட. சரி, அடி வாங்கியாச்சு, இனிமே எதுக்குச் சொல்லணும்னு வுட்டுட்டேன்.”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப நாளைக்கு அப்புறம், பழைய குரலில் சொன்னாய்: “நல்ல துணிய்யா அது. எவ்ளோ வந்தாலும் குடிச்சிக்கும். நீ நெய்ஞ்சதாச்சே.”

சிரித்தாய். படுக்கை நனைந்தது. நீ அதைப் பொருட்படுத்தவில்லை. நாற்பது வருஷத்துக்கு அப்புறம் நீ சிரித்ததை நான் கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன்.

அந்த வாரத்தில்தான் நீ எனக்கு மற்றதெல்லாம் சொன்னாய். பிள்ளைச்சாவடியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, விடிவதற்குள் கடற்கரைக்குப் போய்வந்தால் அப்புறம் இருட்டினால்தான் போக முடியும். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மறைவிடம் கிடையாது. பகலெல்லாம் அடக்கிக்கொள்ள ஏழு வயசிலேயே பழகிவிட்டாய். மாதம் நின்றபோது எரிச்சலும் அரிப்பும் தொடங்கியது, சும்மா சும்மா நீர்க்கடுப்பு வந்தது. இடுப்பில் எதுவோ தொங்குவது மாதிரி பாரம், சாயங்காலம் ஆனால் உட்கார முடியாது. நீயே விரலால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு அடுப்படிக்கு வருவாய். “யார்கிட்டயும் காட்டலயா?” என்று கேட்டேன். ஒரு தடவை ஒரு டாக்டரிடம் போனாயாம். இடுப்புவலி என்று சொன்னாயாம். அவர் ஏறெடுத்துப் பார்க்காமல் மாத்திரை எழுதினார். எங்கே வலி, எத்தனை பிள்ளை, நீர் ஒழுகுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டீர்கள்!

பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர்கள் நிதானமாகத்தான் சொன்னார்கள். “அய்யா, ஆரம்பத்துலயே வந்திருந்தா உடற்பயிற்சி சொல்லியிருப்போம். கொஞ்சம் எறங்கின பிறகு வந்திருந்தாலும் வளையம் இருக்கு. உள்ள வச்சா கர்ப்பப்பையத் தாங்கிக்கும், அப்பப்போ எடுத்துச் சுத்தம் பண்ணி மாட்டணும். இல்லன்னா ஆபரேஷன். இப்ப இடுப்பு ஒடைஞ்சிருக்கு, நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இப்ப ஒன்னும் பண்ண முடியாது.”

ஒரு வளையம்! என் மூன்று வேட்டி, உன் அண்ணன் மானம், நாற்பது வருஷச் சிரிப்பு, கோயில் முன்வரிசை, கடைசியில் உன் உயிர், எல்லாவற்றுக்கும் பதிலாக இருந்தது ஒரு வளையமும் யாராவது கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியும். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய். முதுமை என்று சொல்லி எல்லோரும் தலையாட்டினார்கள். அடக்கத்துக்கு வந்த பொம்பளைகள், “புண்ணியவதி, ஒரு வார்த்தை குறை சொன்னவ இல்ல” என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தச் சவப்பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது.

இப்போது உன் மகளைப் பார். துணிக்கடையில் நிற்கிறாள். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி கடை மூடுகிறவரை உட்காரக் கூடாது. வேலையாட்கள் போகிற கக்கூஸ் மூன்றாவது மாடியில், லிப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். புடவைக் கட்டுகளை இறக்கி ஏற்றுகிறாள். அதனால் அவளும் தண்ணீர் குடிப்பதில்லை. அவளும் சிரிக்கும்போது காலைச் சேர்த்துக்கொள்கிறாள். ஒரு வருஷமாக என் கண் எதிரே, உன் மாதிரியே. பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை, போர்வையைத் தூக்கினால்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு போடச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

“இன்னான்னு சொல்லி லீவு கேக்கறது? அந்த சூப்பர்வைசர் ஆம்பள.”

“அப்பனுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு.”

“நீ குத்துக்கல்லு மாதிரி நிக்கற.”

“நீ வரலன்னா உன் கடை வாசல்ல போயி நிப்பேன். ஆறு துணியும் கையில எடுத்துட்டுப் போவேன்.”

செய்யக்கூடியவன் என்று அவளுக்குத் தெரியும். கோயில் வாசலில் மாமன் வேட்டியைப் பிடித்த கதை தெரியுமே.

பெண்கள் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்தோம். நான் ஒருத்தன்தான் கிழவன். ஒரு பெண், “தாத்தா, ஆம்பளைங்க வெளில” என்றாள். “நாற்பத்தொன்பது வருஷம் வெளிலதாம்மா நின்னேன்” என்றேன். ரீத்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் என்னை எழுப்பவில்லை. உள்ளே சோதித்துப் பார்த்தார்கள். அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கவில்லையாம், கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம். அப்புறம் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மாவிடம் அனுப்பினார்கள். அவர்கள் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

இடுப்பு எலும்புக்கு அடியில், முன்னால் இருந்து பின்னால் வரைக்கும், தொட்டில் துணி மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். மூத்திரப்பையும் குடலும் கர்ப்பப்பையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைப்பேற்றில் அது இழுபடும், பாரம் தூக்கினால், முக்கினால், நாள்பட்ட இருமலில் தொய்யும், மாதம் நின்ற பிறகு இன்னும் மெலியும். எனக்குப் படம் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. துணி என்றதும் புரிந்துவிட்டது.

“மூத்திரத்தையும் காத்தையும் அடக்கற மாதிரி உள்ள இழுத்து மேல தூக்குங்க. மூச்சப் புடிக்காதீங்க. வயித்தையும் தொடையையும் இறுக்காதீங்க. அஞ்சு எண்ற வரைக்கும் புடிச்சு, அப்புறம் முழுசா விடணும். விடறதும் முக்கியம். பழகப் பழகப் பத்து வரைக்கும் போலாம். ஒரு வேளைக்குப் பத்து தடவ, ஒரு நாளைக்கு மூணு வேள. மூணு மாசம் விடாமப் பண்ணுங்க. தண்ணி நல்லா குடிங்க, குறைச்சா இன்னும் எரியும். வெயிட்டு தூக்கும்போது மூச்ச வெளிய விட்டுட்டே தூக்குங்க. ஒன்னுக்குப் போயிட்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, அது தப்பு.”

“நிக்கும்போது பண்ணலாமா?” என்று ரீத்தா கேட்டாள்.

“கடையில நின்னுட்டே பண்ணலாம். புடவை விரிச்சுக் காட்டிட்டே பண்ணலாம். யாருக்கும் தெரியாது.” என் பக்கம் திரும்பி, “இது ஆம்பளைங்களுக்கும் உண்டு தாத்தா, நீங்களும் பண்ணுங்க” என்றார்கள். ரீத்தா சிரித்துவிட்டாள். சிரித்தவள் சட்டென்று காலைச் சேர்த்தாள். உன்னைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த அறையில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. “இருமல், சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே இழுத்துப் புடிங்க, அதுவும் ஒரு பயிற்சிதான்” என்று அந்த அம்மா அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக! அந்தச் சாதாரணத்தைப் பார்த்துத்தான் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இவ்வளவு சாதாரணமான ஒன்றை வைத்தா உன்னைச் சாகடித்தோம்?

நேற்றிலிருந்து வீட்டில் காலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறோம். அவள் ஒன்றில், நான் ஒன்றில். எண்ணுவது என் வேலை. எழுத்துத்தான் எனக்கு வராது. தறியில் இழை எண்ணிய ஆள், எண்ணிக்கை தப்பாது. “ஒன்னு, ரெண்டு, மூணு” என்று எண்ணுகிறேன். “அப்பா, வேகமா எண்ற” என்று சண்டை போடுகிறாள். “மில்லு வேகம்டி” என்கிறேன். அதற்கும் சிரிக்கிறாள்.

அன்பியத்துக்கு வந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பொம்பளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்களில் எத்தனை பேர் வீட்டுக் கொடியில் போர்வைக்கு அடியில் துணி காய்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. யாரும் கை தூக்க வேண்டாம். கூட வந்திருக்கிற ஆம்பளைகள் தரையைப் பார்க்க வேண்டாம், இங்கே பாருங்கள். வீட்டுக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மறுநாளும் கேளுங்கள். அடிக்கிற கையோடு கேட்காதீர்கள். சுகமில்லாதவர்கள் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இறங்கியிருந்தால் வளையம் இருக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும். தெரியாது என்று இனி என் மாதிரி ஒருத்தனும் ஆஸ்பத்திரியில் நின்று சொல்ல முடியாது.

உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உன் பெட்டியின் அடியில், பழைய ஜெபப் புத்தகத்துக்குக் கீழே, ஒரே ஒரு துண்டு கிடைத்தது. வெளுத்துக் கந்தலாகிவிட்டது. ஓரத்தில் கரை இருக்கிறது. கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தேன். என் தறிதான். அன்றைக்கு நீ கையில் சுருட்டி வைத்திருந்தது இதுதானா என்று எனக்குத் தெரியாது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ரீத்தா கேட்டாள், இதை எதற்கு வைத்திருக்கிறாய், எறிந்துவிடலாமே என்று. எறிய மாட்டேன். எனக்குக் கோபம் குறைகிறபோதெல்லாம் தொட்டுப் பார்க்க இது வேண்டும்.

ரீத்தா படித்து முடித்ததும் ஜெபத்துக்கு முன்னால் நான் ஐந்து வரைக்கும் எண்ணுவேன். மெதுவாகவே எண்ணுவேன். செய்கிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே செய்யுங்கள். யார் செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரி இத்தனை வருஷம் பட்டதும் யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று.